தோட்ட வரப்புல ஸ்பீசிஸ் ஜாஸ்தி, புல்வெளில கம்மி: இத எப்படி ஒப்பிடறது?

கேள்விய மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன். எம்.எஸ்சி ப்ராஜெக்டுக்காக ஒரு தங்கச்சி கொடைக்கானல் சுத்துவட்டாரத்துல நாலு எடத்துல செடி கொடி, பறவைல எத்தனை ஸ்பீசிஸ் (உயிரின வகை) இருக்குன்னு எண்ணிருக்காங்க. பாம்பார் சோலை (உசர மலைல இருக்கற இயற்கையான காடு), ஒரு வாட்டில் (வெளிநாட்டுலேர்ந்து கொண்டு வந்து நட்ட மரம்) தோப்பு, மன்னவனூர் பக்கம் ஒரு புல்வெளி, பூம்பாறைல பூண்டு போடற தோட்டத்து வரப்பு. எண்ணி முடிச்சுப் பாத்தா வரப்புதான் ஃபர்ஸ்ட்டு, புல்வெளி கடைசி. "அப்ப தோட்டம்தான் பல்லுயிர் வளம் ஜாஸ்தியான எடம்னு எழுதலாமாண்ணா, இல்ல ஷானன் இன்டெக்ஸ் போட்டா சரியாயிடுமா"ன்னு கேக்கறாங்க.

அப்படி எழுதாதீங்கம்மா. ஷானன் (எத்தனை ஸ்பீசிஸ், ஒவ்வொண்ணும் எவ்வளவு இருக்குங்கற ரெண்டையும் சேத்து ஒரே நம்பராக்கற அளவு) போட்டாலும் சரியாகாது. உங்க எண்ணிக்கை தப்புன்னு சொல்ல வரல, வரப்புல நெஜமாவே ஸ்பீசிஸ் ஜாஸ்தியா இருக்கலாம், அதுல ஆச்சரியமே இல்ல, மண்ண கிளறிக்கிட்டே இருக்கற எந்த எடத்துலயும் களை வகைவகையாத்தான் வரும். அந்த ஒரு நம்பர வச்சு நாலு எடத்துக்கும் ரேங்க் போடறதுதான் வம்பு. நம்ம மலையில எத்தனை இருக்குங்கறது பாதி கேள்விதான். எது இருக்கு, அது பக்கத்து எடத்துலயும் இருக்கா, வேற மலையிலயும் இருக்காங்கறது மீதி பாதி, அந்த மீதி பாதிதான் முக்கியமானது.

சரி, எண்ணின விதத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். வரப்புல பத்து பிளாட் (எண்றதுக்கு அளந்து போடற சதுரம்) போட்டேன், சோலைல அட்டைத் தொல்லையும் சரிவும் சேந்து நாலுதான் போட முடிஞ்சதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப பத்துல கெடச்ச மொத்தத்தையும் நாலுல கெடச்ச மொத்தத்தையும் பக்கத்துல பக்கத்துல வைக்கவே கூடாது. தேடத் தேட புதுசு வந்துக்கிட்டே இருக்கும், ஆனா வர வர வேகம் கொறையும். அதனாலதான் பரப்பால வகுத்து "ஹெக்டேருக்கு இத்தனை ஸ்பீசிஸ்"னு போடறதும் தப்பு, நெறைய தீசிஸ்ல இத பாத்திருக்கேன், பாக்கறப்ப எல்லாம் கடுப்பாகும். அர்ஹீனியஸ் 1921லயே பரப்புக்கும் ஸ்பீசிஸ் எண்ணிக்கைக்கும் ஒரு பவர் சூத்திரம் குடுத்துட்டாரு. அதுல வர்ற அடுக்கு 0.25னு வச்சுக்கிட்டா, பரப்ப ரெண்டு மடங்காக்கினா ஸ்பீசிஸ் 19 சதவீதம்தான் கூடும், ஸ்பீசிஸ் ரெண்டு மடங்காகணும்னா பரப்பு 16 மடங்காகணும். இதுல போயி வகுத்தீங்கன்னா சின்ன பிளாட் போட்டவங்க எப்பவும் ஜெயிப்பாங்க.

இதுக்கு வழி ரேர்ஃபேக்ஷன். ஆழ்கடல் சேத்துல இருக்கற புழு, சிப்பிய எண்ணின சாண்டர்ஸ் 1968ல இத கொண்டு வந்தாரு, அவரு சூத்திரத்துல இருந்த கோளாற 1971ல ஹர்ல்பர்ட் திருத்தினாரு. சிம்பிளா சொன்னா, ஜாஸ்தி எண்ணின எடத்துலேர்ந்து கம்மியா எண்ணின எடத்தோட அளவுக்கு ராண்டமா எடுத்தா சராசரியா எத்தனை ஸ்பீசிஸ் வரும்னு பாக்கறது. வரப்போட பத்து பிளாட்ல ஏதோ நாலு எடுத்தா எத்தனை, அத சோலையோட நாலோட ஒப்பிடுங்க. இதுவே பாதி வித்தியாசத்த சாப்பிட்டாலும் சாப்பிட்டுரும்.

ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஸ்பீசிஸ் நெறைய இருக்கற எடத்துல நாலு பிளாட்ல கொஞ்சம்தான் மாட்டியிருக்கும், கம்மியா இருக்கற எடத்துல நாலு பிளாட்லயே கிட்டத்தட்ட எல்லாமே மாட்டியிருக்கும். அதனால இப்ப பெரும்பாலும் "கவரேஜ்" சமமாக்கித்தான் ஒப்பிடறாங்க. கணக்கு ரொம்ப ஈசி. மொத்தம் 200 மரம் எண்ணினீங்க, அதுல ஒரே ஒரு தடவ மட்டும் வந்த ஸ்பீசிஸ் 10னா, 10ஐ 200ஆல வகுத்து ஒண்ணுலேர்ந்து கழிச்சா 0.95. அதாவது அடுத்ததா ஒரு மரத்த பாத்தா அது ஏற்கெனவே லிஸ்ட்ல இருக்கற ஸ்பீசிஸா இருக்க 95 சதவீதம் வாய்ப்பு. இந்த ஐடியா ஆலன் டூரிங்கோடது, ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரன் ரகசியக் குறியீட்ட உடைக்கறப்ப வந்தது, கூட வேலை பாத்த குட் அத 1953ல எழுதி வெளியிட்டாரு. ஷானன் மாதிரியே சிம்ப்சன் இன்டெக்ஸ்னு இன்னொரு அளவு இருக்கு, அந்த சிம்ப்சனும் இவங்க குறியீடு உடைச்ச அதே பிளெட்ச்லி பார்க்ல இருந்தவருதான். ஷானன் டெலிபோன் கம்பெனி ஆளு. சோலைல அட்டை கடியில நின்னு மரம் எண்ற நமக்கு சூத்திரம் குடுத்தவங்க எல்லாம் இந்த மாதிரி ஆளுங்கன்னு நெனச்சா வேடிக்கையா இருக்கும்.

இன்னும் பாக்காம விட்டது எத்தனைன்னு குத்துமதிப்பா தெரியணும்னா சாவ் 1 போடுங்க, ஆனி சாவ் 1984ல குடுத்தது. 30 ஸ்பீசிஸ் பாத்தீங்க, ஒரு தடவ மட்டும் வந்தது 10, ரெண்டு தடவ வந்தது 5. பத்தோட வர்க்கம் 100, அத ரெண்டு பெருக்கல் அஞ்சால வகுத்தா 10, ஆக குறைஞ்சது 40 இருக்கும். குறைஞ்சதுங்கறத மறக்காதீங்க, அது கீழ் வரம்புதான், "மொத்தம் 40"னு எழுதிடாதீங்க.

இப்ப இந்தக் கணக்கு எல்லாத்துக்கும் "ஒரு செடி"ன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கணும். சோலைல மரம்னா ஒருமாதிரி எண்ணிடலாம், அதுலயே 1.3 மீட்டர் ஒசரத்துல டேப் சுத்தலாம்னு போனா அதுக்குக் கீழயே மூணா பிரிஞ்சு, பாசி மூடி, சாஞ்சு நிக்கும். ஒரே அடிமரம்னா ஒரே மரம்னு மொதல்லயே முடிவு பண்ணிக்கோங்க. வாட்டில்ல சில இனம் வேர்லேர்ந்தே கன்னு விடும், பத்தடி தள்ளி நிக்கறது தனி மரமா அதோட புள்ளையான்னு மேலேர்ந்து பாத்தா தெரியாது. புல்வெளில கேக்கவே வேணாம். புல்லுத் தூரு ஒண்ணோட ஒண்ணு பின்னி கெடக்கும், அத நூறுன்னும் எண்ணலாம் ஒண்ணுன்னும் எண்ணலாம். அதனால புல்வெளில தலை எண்ணாதீங்க. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டத்த போட்டு, எந்த ஸ்பீசிஸ் இருக்கு, எத்தனை சதவீதம் மூடியிருக்குன்னு எழுதுங்க, இல்லன்னா இருக்கு/இல்ல மட்டும் எழுதி சதுரத்தையே யூனிட்டா வச்சு ரேர்ஃபேக்ஷன் பண்ணுங்க. நாலு எடத்தையும் சேத்து ஒப்பிடறதுக்கு இந்த ரெண்டாவது வழிதான் ஒத்து வரும். ஆனா நாலு எடத்துலயும் ஒரே அளவு சதுரம் இருக்கணும். மரத்துக்கு 10க்கு 10 மீட்டர், அதுக்குள்ளயே மூலைல தரைச்செடிக்கு 1க்கு 1. மரமே இல்லாத புல்வெளில பெரிய சதுரம் காலியா இருந்தா இருக்கட்டும், சின்ன சதுரத்துல அது உங்க எல்லா எடத்துக்கும் டஃப் குடுக்கும் பாருங்க.

நெஜமா சொல்றேன், புல்வெளி கடைசியா வந்துச்சுன்னு சொன்னதும் எனக்கு வந்த மொத சந்தேகம் நீங்க நின்ன வாக்குல பாத்துட்டு வந்துட்டீங்களோன்னுதான். முட்டி போட்டு ஒக்காந்து சட்டத்துக்குள்ள விரலால பிரிச்சுப் பாருங்க. மேல தெரியற ரெண்டு மூணு உசரப் புல்லுக்குக் கீழ வேற புல்லு இருக்கும், அதுக்கும் கீழ தரையோட ஒட்டின சின்னச் செடிங்க, மழைக்கப்புறம் போனா தரை ஆர்கிட், ஈரமான எடத்துல செவப்பா பிசின் துளியோட கொசு ஒட்டியிருக்கற டிரோசெராங்கற பூச்சி திங்கற செடி. பூ வராத நேரத்துல போனா அதுல பாதிய புல்லுன்னு ஒரே வரில எழுதிட்டு வந்துருவோம். புல்லு வகைய பூக்கதிர் இல்லாம பிரிக்கறது பழகினவங்களுக்கே கஷ்டம். குறிஞ்சி வகைகளும் அப்படித்தான், 2018ல கொத்தா பூத்தப்ப எல்லாருக்கும் தெரிஞ்சது, இப்ப அடுத்தது 2030 வரைக்கும் அது சும்மா ஒரு புதர். சோலைக்கு அடியில வளர்ற வேற குறிஞ்சி இனங்கள இலைய மட்டும் வச்சு பிரிக்கறதுக்குள்ள தாவு தீந்துரும்.

இதுல ஒரு விஷயத்த யாரும் எழுத மாட்டேங்கறாங்க. வரப்புக் களைய நமக்குப் பேரு தெரியும். புளியாரை, பைடன்ஸ், கலின்சோகா, டேன்டிலியன், எல்லாம் உலகம் பூரா இருக்கறது, மொபைல் ஆப்ல போட்டோ காட்டினாலே பேரு சொல்லிரும். சோலைச்செடிய காட்டினா ஆப் முழிக்கும். அதனால வரப்புல அஞ்சும் அஞ்சா எண்ணப்படும், சோலைல அஞ்சு சேந்து "தெரியாத புதர்"னு ஒண்ணா போயிரும். எடத்தோட வித்தியாசம்னு நெனச்சுக்கிட்டு நம்ம அடையாளம் காண்ற தெறமையோட வித்தியாசத்த அளந்துட்டு வந்திருப்போம். பேரு தெரியலன்னா "செடி 14"னு நம்பர் குடுங்க, அதே செடி வேற எடத்துல வந்தா அதே நம்பர் போடுங்க, இலை முன்பக்கம் பின்பக்கம், தண்டு, கணு எல்லாம் போட்டோ எடுத்து வைங்க. பழனிமலை (கொடைக்கானல் இருக்கற மலைத்தொடர்) தாவரத்துக்கு ஃபாதர் கே.எம். மேத்யூ 1999ல வெளியிட்ட தொகுப்பு இருக்கு, அவரு ஆரம்பிச்ச ராபினாட் ஹெர்பேரியம் திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல இருக்கு, உங்க கைடு மூலமா கேட்டு உலர்ந்த மாதிரிகளோட ஒப்பிட்டுப் பாக்கறது நல்லது.

பறவைக்கும் இதே கதை. புல்வெளில நின்னா கண்ணுக்கெட்டின தூரம் தெரியும், சோலைக்குள்ள இருபது மீட்டர் தாண்டினா பாசியும் இலையும்தான். வெள்ளை வயித்து சோலைக்கிளி (பேருதான் கிளி, சோலைக்குள்ள வாழற ஒரு சின்னப் பறவை) விடிகாலைல பாடும், கண்ணுக்கு ஆம்படறது அபூர்வம். சத்தம் தெரியாதவங்க போனா சோலைல பறவையே இல்லன்னு எழுதிட்டு வருவாங்க. ஒரே ஆரம், ஒரே நிமிஷம், ஒரே நேரம் வச்சு பாயின்ட் கவுன்ட் (ஒரே எடத்துல நின்னு சுத்தி எண்றது) பண்ணுங்க, ஆரத்த சோலைக்குத் தக்க மாதிரி சின்னதா வைங்க, கேட்டதையும் பாத்ததையும் தனித்தனி நெடுவரிசைல எழுதுங்க. மூடுபனி எறங்கிட்டா நிறுத்திருங்க. அப்புறம் அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வலசை வர்ற வாலாட்டியும் கதிர்க்குருவியும் இருக்கும், ஒரு எடத்த ஜனவரிலயும் இன்னொண்ண மே மாசத்துலயும் எண்ணிட்டு ஒப்பிட்டா நீங்க ஒப்பிட்டது சீசனத்தான்.

இப்ப ஷானனுக்கு வருவோம். 100 மரம், 10 ஸ்பீசிஸ் உள்ள ரெண்டு எடம்னு வச்சுக்கோங்க, சும்மா கணக்குக்கு. ஒண்ணுல ஒவ்வொண்ணும் 10. இன்னொண்ணுல வாட்டில் மட்டும் 91, மிச்சம் ஒம்போதும் ஒவ்வொண்ணு. எண்ணிக்கைல ரெண்டும் 10. ஷானன் மொதலுக்கு 2.30, ரெண்டாவதுக்கு 0.50. இந்த 2.30, 0.50ங்கறத பாத்து யாருக்காவது ஏதாவது தோணுமா? தோணாது. அதுலயும் ஒருத்தர் இயற்கை மடக்கைல போடுவாரு, இன்னொருத்தர் ரெண்டோட மடக்கைல, ரெண்டு பேப்பர பக்கத்துல வச்சா ஒப்பிடவே முடியாது. அதுக்குத்தான் ஹில் 1973ல ஒரு வழி சொன்னாரு, எல்லாத்தையும் "சமமா இருந்தா எத்தனை ஸ்பீசிஸுக்குச் சமம்"னு மாத்திருங்க. ஷானன e-யோட அடுக்கா ஏத்தினா மொத எடம் 10, ரெண்டாவது 1.65. சிம்ப்சன்ல பங்குகளோட வர்க்கத்த கூட்டி தலைகீழாக்கினா மொத எடம் 10, ரெண்டாவது 1.2. இப்ப புரியுதுல்ல, அந்தத் தோப்பு பேருக்குத்தான் பத்து, நெஜத்துல ஒண்ணே கால். எண்ணிக்கை, ஷானன் வழி, சிம்ப்சன் வழி மூணையும் ஒரே கிராஃப்ல போடுங்க. ரெண்டு எடத்தோட கோடு குறுக்க வெட்டிக்கிட்டா "எது வளம்"ங்கற கேள்விக்கு ஒத்த பதில் இல்லன்னு அர்த்தம், அத அப்படியே எழுதுங்க, வெக்கப்பட வேண்டியதில்ல.

ஆனா பாருங்க, இவ்வளவு பண்ணியும் இதுல எதுக்கும் ஸ்பீசிஸோட பேரு தெரியாது. நெட்டைக்காலிங்கற புல்வெளிப் பறவையும் காக்காவும் இந்த சூத்திரத்துக்கு ஒண்ணுதான். நீலகிரி நெட்டைக்காலி மேற்குத் தொடர்ச்சி மலையோட தென்பகுதி உசரப் புல்வெளிய விட்டா உலகத்துல வேற எங்கயும் கெடையாது. பூண்டுத் தோட்டத்துல மைனா, காக்கா, செம்மீசைச் சின்னான், வெள்ளைக்கண்ணி எல்லாம் கலகலன்னு இருக்கும், லிஸ்ட்டு நீளும், அதே லிஸ்ட்டு ஊட்டி தோட்டத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இதுக்குத்தான் பீட்டா. விட்டேக்கர் 1960ல சிஸ்கியூ மலையில செடிகள பாத்துட்டு ஆல்பா, பீட்டா, காமான்னு பிரிச்சாரு. ஒரு எடத்துக்குள்ள இருக்கறது ஆல்பா, வட்டாரம் மொத்தமும் சேத்து காமா, எடத்துக்கு எடம் எவ்வளவு மாறுதுங்கறது பீட்டா. உங்க நாலு எடத்தோட சராசரி 20, நாலையும் சேத்து மொத்தம் 50னா பீட்டா 2.5, அதாவது ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டரை எடத்துக்குச் சமம். நாலும் ஒரே மாதிரின்னா 1, நாலும் முழுசா வேறன்னா 4. ஜோடி ஜோடியா பாக்கறதுக்கு ஜக்கார்டு, 1901லேர்ந்து இருக்கு, அதுவும் மலைச்செடிய வச்சு வந்ததுதான். சோலைல 40, வாட்டில் தோப்புல 25, ரெண்டுக்கும் பொது 15னா மொத்தம் 50, 15ஐ 50ஆல வகுத்தா 0.3. ஆறு ஜோடிக்கும் போடுங்க. சோலைக்கும் புல்வெளிக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும்னு நெனக்கறேன், அந்த பூஜ்யந்தான் உங்க ப்ராஜெக்டோட ஹைலைட்டே. சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து இருந்தும், நாலு எட்டு வச்சா மாறிடுது. ஒண்ண எடுத்துட்டு இன்னொண்ணு போட்டா காமா அப்படியே சரியும்.

பீட்டா ரெண்டு வகையா வரும்ங்கறதையும் கவனிங்க. ஒரு எடத்துல இருக்கற ஸ்பீசிஸ் போயி வேற ஸ்பீசிஸ் வர்றது ஒண்ணு, பெரிய எடத்துல இருக்கறதுல கொஞ்சம் மட்டும் சின்ன எடத்துல இருக்கறது இன்னொண்ணு. சோலை-புல்வெளி மொத வகை. பெரிய சோலை, துண்டு சோலை ரெண்டையும் ஒப்பிட்டா பல சமயம் ரெண்டாவது வகை. பசெல்கா 2010ல இத பிரிக்கற கணக்கு குடுத்திருக்காரு. ரெண்டும் ஒரே ஜக்கார்டு நம்பர் குடுத்தாலும் அர்த்தம் வேற, ரெண்டாவது வகைனா பெருச காப்பாத்தினா பெரும்பாலும் போதும், மொத வகைனா ரெண்டையும் காப்பாத்தணும்.

கொஞ்சம் தள்ளி நின்னும் பாக்கணும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க நீலகிரிச் சோலைக்கிளி, நீலகிரிச் சிரிப்பான்னு சோலைப் பறவைங்க. தெற்க நம்ம பக்கம் வெள்ளை வயித்து சோலைக்கிளி, பழனிச் சிரிப்பான். சோலைக்குச் சோலை ஒப்பிட்டா மலைக்கு மலை ஆளு மாறுது, தோட்டத்துக்குத் தோட்டம் ஒப்பிட்டா மாறவே மாட்டேங்குது. உங்க வரப்பு லிஸ்ட்ட ஊட்டில யாராவது எடுத்த வரப்பு லிஸ்ட்டோட ஒரு தடவ வச்சுப் பாருங்க, நாலு வரி எழுதினாலே டிஸ்கஷன்ல வெயிட்டு ஏறும். 1973லேர்ந்து 2014 வரைக்குமான சேட்டிலைட் படங்கள வச்சு 2018ல வந்த ஆய்வுல பழனிமலைப் புல்வெளில சுமார் மூணுல ரெண்டு பங்கு காணாமப் போயிருக்கு, சோலை மூணுல ஒரு பங்குக்குக் கிட்ட. உங்க லிஸ்ட்ல கடைசில வந்ததுதான் ஜாஸ்தி அழிஞ்சது. கடைசி ரேங்க்னு எழுதிட்டா படிக்கறவன் என்ன முடிவுக்கு வருவான்னு யோசிங்க.

வாட்டில் தோப்ப ஒரே வரியா எழுதாதீங்க, அங்க சுவாரசியம் இருக்கு. மேல பாத்தா வாட்டில் மட்டும்தான், அடியில குனிஞ்சா பல எடத்துல சோலைக் கன்னுங்க முளைச்சு நிக்குது, பழனிமலைல இத பல பேரு கவனிச்சிருக்காங்க, நிழலும் பழந்தின்னிப் பறவையும் பண்ற வேலை. மரம், புதர், கன்னு மூணு அடுக்கா பிரிச்சு தனித்தனியா ஜக்கார்டு போட்டா மேல் அடுக்குல சோலையோட ஒத்துமை கம்மியாவும் கன்னு அடுக்குல ஜாஸ்தியாவும் வரலாம். புல்வெளிய அழிச்சு நட்ட தோப்பு மெதுவா சோலை மாதிரி ஆகுதுன்னா அது நல்லதா கெட்டதாங்கறது வேற சண்டை, அதுக்குள்ள இப்ப போகல.

ஒரு பெரிய ஆட்சேபனை பாக்கி. ஒரே சோலைக்குள்ள நாலு பிளாட் போட்டா உங்ககிட்ட இருக்கறது ஒரு சோலைதான், நாலு சோலை இல்ல. "சோலைக்கும் வரப்புக்கும் வித்தியாசம்"னு சொல்ல முடியாது, "பாம்பார் சோலைல இந்தப் பகுதிக்கும் பூம்பாறைல அந்த வரப்புக்கும் வித்தியாசம்"னுதான் சொல்ல முடியும். இதுக்கு போலி ரெப்ளிகேஷன்னு (ஒரே எடத்த பல தடவ அளந்துட்டு பல எடம்னு காட்டறது) பேரு வச்சு 1984ல அதே ஹர்ல்பர்ட்டே ஒரு நீளமான கட்டுரை எழுதி ஊரையே திட்டியிருக்காரு. டைம் இருந்தா ஒவ்வொண்ணுலயும் மூணு தனித்தனி எடமாவது எடுங்க, பிளாட்ட கொறச்சுக்கிட்டாலும் பரவால்ல. டைம் இல்லன்னா தலைப்புலயே எடத்தோட பேர போட்டுருங்க, வெளிலேர்ந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொன்ன மாதிரி ஆயிரும். சோலை ஓரத்துலேர்ந்து உள்ள எத்தனை மீட்டர்ல பிளாட் போட்டீங்கன்னும் எழுதுங்க, ஓரத்துல காட்டு ரோடோடென்ட்ரானும் தவிட்டுப்பழமும் நிக்கற எடமும் உள்ள இருட்டா இருக்கற எடமும் ஒண்ணு கெடையாது.

கணக்குக்கு எக்செல் போதும், ஆர்ங்கற புள்ளியியல் மென்பொருள் தெரிஞ்சா ஐநெக்ஸ்ட், வீகன் ரெண்டு பேக்கேஜ்லயே மேல சொன்னது பெரும்பாலும் முடிஞ்சுரும். ஆனா டேட்டா எடத்துக்கு ஒரு மொத்தமா இருந்தா எதையும் போட முடியாது, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு வரி, ஒவ்வொரு ஸ்பீசிஸுக்கும் ஒரு நெடுவரிசைன்னு இருக்கணும், கடைசில உள்ளூர் இனமா வெளியூர் இனமான்னு ஒரு குறி. ஃபீல்டு நோட்டுலேர்ந்து அப்படி மறுபடி ஏத்த முடியுமான்னு மொதல்ல பாருங்க. திரும்பப் போக வேண்டியிருந்தா சோலையும் சேங்சுவரிக்குள்ள வர்ற எடமும் வனத்துறை அனுமதி இல்லாம போகாதீங்க, செடி பறிக்கறதுக்கும் அதுலயே எழுதி வாங்கிக்கோங்க. புல்வெளிக்கு புல்லு கதிர் விடற நேரமா பாத்துப் போங்க, கையில லென்சும் முட்டிக்குக் கீழ போட ஒரு சாக்கும் எடுத்துக்கோங்க.